வெடியும் வேடிக்கையும்

ஊர்க்கோயில் திருவிழாவில் வாணவேடிக்கை கண்டு வளர்ந்தவர்க்குப் பட்டணத்து வாணவேடிக்கை புதுமையாகத் தோன்றாது என்று சொல்வாருண்டு. இரண்டும் வெடிமருந்துதானே, ஒன்று சிறிது, மற்றது பெரிது, அவ்வளவே என்பது அவர்கள் கருத்து. 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9 ஆம் நாள் சிங்கப்பூரின் தேசிய தினத்தை விருந்தினராக இருந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அன்று கண்டவற்றையும் அதன் பயனாக எண்ணியவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். வெடிக்கும் வெடிக்கும் இடையே அளவையன்றி வேறொரு வேறுபாடும் உண்டென்பது எம் துணிபு.

எமது ஊர் களுதாவளை. மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் வீதியில், களுவாஞ்சிகுடிக்கு அண்மையில் உள்ளது. கிழக்கே கடல், மேற்கே வாவி. வெற்றிலை போடும் பழக்கமுள்ளோர்க்கு எம் ஊரை அறிமுகம் செய்யத் தேவையில்லை; களுதாவளை வெற்றிலை என்றால் மாகாணம் முழுவதும் தெரியும். மணல் நிலத்தில் கிணறு தோண்டி, காலையும் மாலையும் நீரூற்றி, பிள்ளையை வளர்ப்பதுபோல் அக்கொடியை வளர்ப்பர். ஊரின் நடுநாயகமாக விளங்குவது சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயில். எம் பகுதிக் கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகளுக்கு உரிமையாக வகுக்கப்பட்டவை. இன்று இந்தக் குடியாரின் திருவிழா, நாளை அந்தக் குடியாரின் திருவிழா என்று வரும்போது, மேளத்திலும் அலங்காரத்திலும் ஒருவரை ஒருவர் விஞ்சப் பார்ப்பது இயல்பு. வாணம் விடுவதில் அந்தப் போட்டி உச்சநிலையை அடையும்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் வாணம் விடுபவர் யாரென்பது ஊரில் எல்லோர்க்கும் தெரியும். ஒருவர் எமக்கு மாமன் முறை. மற்றொருவர் தோட்டத்தில் எம் தந்தையாரோடு துலா மிதித்தவர். அவர் கொள்ளிக்கட்டையோடு குனிந்து செல்லும்போது, "தள்ளி நில்லுங்க பிள்ளைகள்" என்று நான்கு முறை சொல்லிவிட்டே திரியில் தீ வைப்பார். வாணம் சீறிக்கொண்டு தென்னைகளுக்கு மேலே சென்று வெடிக்கும். காது அடைக்கும், நெஞ்சு படபடக்கும். ஆனாலும் எமக்கு அச்சம் தோன்றியதில்லை. தீ வைத்த கை எங்கள் மாமன் கை என்ற நினைவே அச்சத்தை மகிழ்ச்சியாக மாற்றியது. அந்நாளில் இதை நாம் இவ்வாறு எண்ணிப் பார்த்ததில்லை; எண்ணிப் பார்க்கும் தேவையும் இருக்கவில்லை.

பின்னர் வந்த காலம் வேறு. 1983 முதல் 2009 வரை இந்நாட்டில் நிகழ்ந்தவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. யார் பக்கம் நியாயம் என்பதும் இக்கட்டுரையின் பொருளன்று. அந்த ஆண்டுகள் எங்கள் காதுகளுக்கு ஒரு கல்வியைக் கற்பித்தன என்பதை மட்டும் சொல்வோம். தொலைவில் 'தொம்' என்று ஓர் ஒலி கேட்டால், அது எறிகணை புறப்பட்ட ஒலியா, வந்து விழுந்த ஒலியா என்று ஏழு வயதுப் பிள்ளையும் பிரித்துச் சொல்லும். வாவியின் அப்பாலுள்ள படுவான்கரையில் வெடித்தால் அவ்வொலி நீரின்மேல் தவழ்ந்து வந்து வீட்டுச் சுவரைத் தட்டும். இரவில் வானத்தில் ஒளி தோன்றினால் யாரும் அண்ணாந்து பார்த்து நிற்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டு நிலத்தில் படுத்துவிடுவார்கள். போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகி, காதுகள் சற்றே ஓய்ந்திருந்த வேளையில், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவருள் சிறுவர் பலர். கற்ற பாடம் மறக்கத்தக்கதன்று என்று காதுகள் மீண்டும் விழித்துக்கொண்டன.

இத்தகைய காதுகளோடுதான் நாமும் எம் மனைவியாரும் சிங்கப்பூரில் இறங்கினோம். எம் மகளும் மருமகனும் அங்கே பணிபுரிகின்றனர். பேரனுக்கு ஒன்பது வயது. "அம்மப்பா, ஒன்பதாம் திகதி வாணவேடிக்கைக்குப் போக வேணும். நான் இடம்கூடப் பார்த்து வைச்சிட்டன்" என்று விமான நிலையத்திலேயே உத்தரவு பிறப்பித்துவிட்டான். எம் மனைவியார் எம்மை ஒருமுறை பார்த்தார். பேரப்பிள்ளையின் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாதாகையால் இருவரும் தலையசைத்தோம்.

2025 ஆம் ஆண்டு சிங்கப்பூர் தனி நாடாகி அறுபது ஆண்டுகள் நிறைவுற்ற ஆண்டு. ஆதலால் ஊரெங்கும் கோலாகலம். தொடர்மாடிக் குடியிருப்புகளின் தாழ்வாரங்களில் கொடிகள் வரிசை வரிசையாகத் தொங்கின. ரயிலில் ஏறியவருள் பாதிப்பேர் சிவப்பு உடை அணிந்திருந்தனர். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே நிறத்தில் நிற்பதைக் கண்டபோது, ஒரு பெரிய குடும்பத்தின் கலியாணத்திற்குள் அழைப்பிதழ் இன்றிப் புகுந்துவிட்டோமோ என்ற கூச்சம் எமக்கு உண்டாயிற்று. எம் மனைவியார் மட்டும் முன்யோசனையோடு சிவப்புக்கரைச் சேலை உடுத்திருந்தார்.

அவ்வாண்டு அணிவகுப்பு நடைபெற்றது பாடாங் என்னும் பசுந்திடலில். அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டில்லாதவர்கள் விரிகுடாவைச் சுற்றியுள்ள பாலங்களிலும் பூங்காக்களிலும் நண்பகல் தொடங்கியே இடம்பிடித்து அமர்ந்துவிடுகின்றனர். பேரன் தேர்ந்தெடுத்த இடம் மரீனா அணைக்கட்டு. 2008 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வணை, 350 மீற்றர் அகலமான கடல்வாயை ஒன்பது உருக்குக் கதவுகளால் அடைத்து, உள்ளிருந்த உப்புநீர் விரிகுடாவைக் குடிநீர்த் தேக்கமாக மாற்றியிருக்கின்றது. மாரியில் வெள்ளம் பெருகும்போது முகத்துவாரத்தை வெட்டிவிட்டு வாவி நீரைக் கடலுக்கு அனுப்பும் எமக்கு, கடலின் வாயை அடைத்து மழைநீரைச் சேமிக்கும் அவ்வேலைப்பாடு பெருவியப்பை அளித்தது. அணையின் நீரேற்று நிலையத்துக் கூரை முழுவதும் புல்வெளி. பாய் விரித்து அமரலாம், காற்றாடி விடலாம்.

நாமும் பாய் விரித்தோம். எம் மனைவியார் ஊரிலிருந்து கொணர்ந்த கச்சானை அவிழ்த்தார். அருகே அமர்ந்திருந்த மலாய்க் குடும்பத்தின் சிறுமி அதைக் கண்டு "காச்சாங்" என்றாள். மலாய் மொழியில் கடலைக்கு அதுவே பெயர் என்று மருமகன் விளக்கினார். ஒரு பிடி அள்ளிக் கொடுத்தோம். அவர்கள் ஏதோ இனிப்பை இலையில் வைத்துத் தந்தார்கள். அழைப்பிதழ் இல்லாத கூச்சம் அத்தோடு பாதி குறைந்தது.

மாலையில் முதலில் எழுந்தது பீரங்கி முழக்கம். குடியரசுத் தலைவருக்கு மரியாதையாக 21 குண்டுகள் முழங்குவது அங்கு மரபு. வெற்று வெடியென்று மனம் அறியும். எனினும் முதல் முழக்கத்திலேயே எம் மனைவியாரின் கை பேரனின் தலையை இழுத்து மடியில் அமுக்கிவிட்டது. சிந்தித்துச் செய்த செயலன்று அது. பிள்ளையோ திமிறிக்கொண்டு எழுந்து, "என்ன அம்மம்மா, நான் பார்க்க வேணாமா?" என்று சினந்தான். அடுத்து, பெரிய தேசியக் கொடியொன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹெலிகொப்டர் தாழப் பறந்து வந்தது. அதன் சிறகொலி எமது அடிவயிற்றைத் தொட்டது. புல்வெளியில் இருந்த ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கையசைத்தனர். ஹெலிகொப்டருக்குக் கையசைக்கும் மக்களை நாம் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். பின்னர்ப் போர்விமானங்கள் வானைக் கிழித்துக்கொண்டு சென்றன. பேரன் துள்ளிக் குதித்தான். எம்முடைய கண்கள் தாமாகவே ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேடின. வெட்டவெளியில் அப்படி ஓர் இடம் இல்லை.

இதையெல்லாம் பக்கத்துப் பாயில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கின்றார். தலை முழுவதும் வெண்பஞ்சு. மூக்கில் சிறு வைரம். மகன் வழிப் பேத்திகள் சூழ இருந்தனர். எம் ஊரில் ஆயின் உரிமையோடு 'பெத்தா' என்று அழைத்திருப்போம்.

"தம்பி, நீங்க சிலோனா?" என்றார்.

ஆமென்றோம்.

"பேச்சைக் கேட்டேன், தெரிஞ்சது. அவங்க பிள்ளை தலையைப் பிடிச்சாங்களே, அதைப் பார்த்ததும் எங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சு."

தமக்கு எண்பத்தெட்டு வயதென்றார். தந்தையார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். யப்பானியர் குண்டு வீசியபோது தமக்கு நான்கு வயது. விமான ஒலி கேட்டதும் தாயார் தம்மைக் கட்டிலடியில் தள்ளி, மேலே கவிழ்ந்து, இரு காதுகளையும் பொத்துவாராம். போர் முடிந்து நெடுங்காலம் சென்ற பின்பும், இடி இடித்தால் தாயாரின் கை மகளின் காதைத் தேடி வருமாம். மகளுக்குக் கலியாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பின்பும் அப்படியே.

"எங்க அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அந்தப் பயம் போகலை. எனக்குப் பாதி போச்சு. எம் பிள்ளைங்களுக்கு இல்லவே இல்லை. இதுங்களைப் பாருங்க" என்று பேத்திகளைச் சுட்டிக்காட்டினார். அவர்கள் கொடிகளைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தனர். "வருசாவருசம் இதுக்குத்தான் வர்றேன் தம்பி. வாணத்தைப் பார்க்க இல்லை. இதுங்க பயப்படாம நிக்கிறதைப் பார்க்க."

அவர் சொன்னதன் பின்னணியை நூலறிவாக நாம் முன்னரே அறிந்திருந்தோம். 1941 டிசம்பர் 8 அதிகாலையில் அந்நகரின்மீது முதற் குண்டுகள் விழுந்தன. 1942 பெப்ரவரி 15 இல் நகரம் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அன்று சீனப் புத்தாண்டு. மூன்றரை ஆண்டுக் கொடுமைக்குப் பின் 1945 செப்டெம்பரில், பாடாங் திடலை நோக்கி நிற்கும் நகர மண்டபத்தில் யப்பானியப் படைத்தலைவர் சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டார். அதே திடலில் 1943 யூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் இந்திய தேசிய இராணுவத்தைப் பார்வையிட்டதும், அப்படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் பலர் சேர்ந்ததும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. யுத்தத்தோடு துன்பம் தீர்ந்ததா என்றால் இல்லை. 1964 யூலை 21 இல் அத்திடலிலிருந்து புறப்பட்ட சமய ஊர்வலமொன்றின்போது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே கலவரம் மூண்டது. அவ்வாண்டு இருமுறை நிகழ்ந்த கலவரங்களில் 36 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 9 ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்து சிங்கப்பூர் தனி நாடாயிற்று. அன்று தலைவர் லீ குவான் யூ தொலைக்காட்சி முன் கண்ணீர் விட்டார். இன்று வாணம் விட்டுக் கொண்டாடப்படும் அந்நாள் பிறந்தபோது கண்ணீரோடுதான் பிறந்தது. 1966 இல் முதலாவது தேசிய தின அணிவகுப்பு அதே பாடாங்கில் நடைபெற்றது.

இரவு எட்டு மணியளவில் வாணவேடிக்கை தொடங்கியது. மூன்று கோபுரங்களின் தலைமேல் கப்பல் ஒன்று தரைதட்டிக் கிடப்பதுபோல் நிற்கும் விடுதியின் பின்னால் முதலில் ஒரு வெள்ளிக்கோடு எழுந்தது. அது உச்சியில் ஒரு கணம் நின்று, சிவப்புப் பூவாக விரிந்து, மெல்ல உதிர்ந்தது. பின்னர் இரண்டு, பத்து, எண்ண முடியாதவை. சில குடைபோல் கவிந்தன. சில பனையோலைபோல் வளைந்து தொங்கின. சில பொன்னிற மணலாய்ச் சொரிந்தன. தேக்கத்தின் நீரில் அத்தனையும் தலைகீழாய் மீண்டும் பூத்தன. எங்கும் 'ஆ' என்ற ஒரே குரல். அக்குரலுக்குச் சீனம், மலாய், தமிழ் என்ற பேதமில்லை.

மாணவர்கள் கேட்கக்கூடும், இந்த நிறங்கள் எங்ஙனம் உண்டாகின்றன என்று. வாணத்தின் உயிர் பழைய கருமருந்துதான்: வெடியுப்பு, கரி, கந்தகம். சீனர் கண்டுபிடித்து உலகுக்கு அளித்தது. அதனோடு ஸ்ரொன்ரியம் உப்புக்களைச் சேர்த்தால் சிவப்பு, பேரியம் சேர்த்தால் பச்சை, சோடியம் சேர்த்தால் மஞ்சள், செம்புச் சேர்மங்களால் நீலம். இவற்றுள் நீலமே பெறுதற்கு அரியது. வெப்பம் சற்று மிகுந்தால் அந்நிறத்தைத் தரும் சேர்மம் சிதைந்துவிடும். ஆதலால் வானத்தில் நல்ல நீலம் கண்டால், அதைச் செய்தவர் கைதேர்ந்தவர் என்று கொள்க.

அமைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிலத்தில் ஒரு குழாய். அதன் அடியில் உந்துமருந்து. மேலே ஓர் உருண்டை. உருண்டைக்குள் கணக்கிட்ட நேரத்தில் எரிந்து முடியும் திரியும், நடுவே வெடிமருந்தும், சுற்றிலும் நிறமருந்து உருண்டைகளும். உந்துமருந்து உருண்டையை விண்ணில் எறிகின்றது; திரி எரிந்து முடிந்ததும் அது வெடிக்கின்றது. இவ்விளக்கத்தை மருமகன் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது நாம் வாயடைத்துப் போனோம். குழாய், உந்துமருந்து, திரி, உருண்டை என்னும் இதே உறுப்புக்களைத்தான் எம் நாட்டில் எறிகணை என்று அழைத்தோம். உள்ளே நிறமருந்துக்குப் பதில் இரும்பு. மேல்நோக்கிய குழாய்க்குப் பதில் ஊரை நோக்கிச் சாய்ந்த குழாய். கருவி ஒன்றாகவே இருக்க, வைத்தவரின் எண்ணம் மட்டும் இரண்டாகப் பிரிகின்றது.

அப்பொழுது பேரன் எண்ணத் தொடங்கினான். ஒளி தோன்றியதும் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணி, ஒலி வந்ததும் நிறுத்தினான். ஐந்து வந்தது. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே வாணம் வெடிப்பது ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் என்று கணக்கிட்டுச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் கற்றதாம். "உங்களுக்கு இது தெரியுமா அம்மப்பா?" என்று கேட்டான்.

தெரியும். நன்றாகவே தெரியும். அவன் தாய் அவன் வயதில் இருந்தபோது, இருட்டறையில் எம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அதே கணக்கைத்தான் செய்தாள். ஐந்து வந்தால் அங்கே. மூன்று வந்தால் அருகே. எண்ணத் தொடங்குமுன் ஒலி வந்தால் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. எம் மகள் அப்போது எம்மை ஏறிட்டுப் பார்த்தாள். நாமும் பார்த்தோம். மகனுக்கு அவள் அதைச் சொல்லவில்லை; நாமும் சொல்லவில்லை. "தெரியும் மனே. அடுத்ததையும் எண்ணு" என்றோம். மூவருமாகச் சேர்ந்து எண்ணினோம். ஐந்தாவது எண்ணில் ஒலி வந்தபோது பேரன் கைகொட்டிச் சிரித்தான். அவன் தாயும் சிரித்தாள். எம் மனைவியாரின் கை இப்போது பேரனின் தலையில் இல்லை. கச்சான் பொட்டலத்தில் இருந்தது.

எமக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளந்தொழிலாளர் சிலர் நின்றனர். அவர்களுள் ஒருவர் கைபேசியை உயர்த்தி, ஊரிலிருக்கும் தாயாருக்கு வாணத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "பாத்தியாம்மா, பாத்தியா?" என்று அவர் கூவ, அத்தாயோ வாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "தீபாவளிக்கு வருவியாடா?" என்று கேட்ட குரல் எமக்கும் கேட்டது. அக்கோபுரங்களையும் பாலங்களையும் எழுப்பியவை இத்தகையோரின் கைகளே. விழா அவர்களுடையதன்று, எம்முடையதும் அன்று. ஆயினும் ஒளி எல்லார் முகத்திலும் ஒன்றாகவே பட்டது.

வாணம் ஓய்ந்தபின் கூட்டத்தினர் எழுந்து நின்று, வலக்கையை நெஞ்சில் வைத்து, நாட்டுறுதிமொழியைச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் இருந்த மூதாட்டியும் நெஞ்சில் கை வைத்தார். இனம், மொழி, மதம் ஆகியவற்றின் வேற்றுமை பாராட்டாது ஒன்றுபட்டு வாழ்வோம் என்பது அவ்வுறுதிமொழியின் சாரம். 1966 இல் அதை வரைந்தவர் அந்நாட்டின் முதலாவது வெளியுறவு அமைச்சர் சி. இராசரத்தினம். அவர் பிறந்தது 1915 இல், எம் நாட்டின் யாழ்ப்பாணத்தில். குழந்தைப் பருவத்திலேயே மலாயா சென்று வளர்ந்தவர். கலவரம் நிகழ்ந்து இரண்டே ஆண்டில், அதன் வடு ஆறுமுன்பே, இலங்கையில் பிறந்த தமிழர் ஒருவர் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒருங்கே சொல்லத்தக்க சொற்களை எழுதிக் கொடுத்தார் என்பதை எண்ணும்போது பெருமிதமும் அதனினும் பெரிய ஏக்கமும் எம் உள்ளத்தில் எழுந்தன.

அன்று எம்மைச் சூழ்ந்திருந்தோர் ஆங்கிலத்தில் சொன்னார்கள். தமிழ் வடிவமும் உண்டு; தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. அத்தமிழ் வடிவத்தில் மக்கள் தம்மை 'நாம்' என்று குறிக்கின்றனர். ஆங்கிலத்திற்கு இல்லாத ஒரு செல்வம் தமிழுக்கு இங்கே உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்பார். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுவார். இலக்கணத்தார் இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். பத்திரிகையில் எழுதுவோர் 'நாம்' என்று எழுதும் மரபும் வாசகரையும் உடன் சேர்த்துக்கொள்ளும் ஆசையால் வந்ததே போலும்.

இந்த ஒரு சொல்லிலேயே வெடிக்கும் வேடிக்கைக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருப்பதாக எமக்குத் தோன்றுகின்றது. தீ வைப்பவர் தம் 'நாம்' என்னும் சொல்லுக்குள் நம்மையும் வைத்திருந்தால், எத்துணைப் பெரிய வெடியும் வேடிக்கை. வைத்திருக்கவில்லையாயின், தொலைவில் கேட்கும் சிறு வெடியும் இடி. களுதாவளைக் கோயில் வீதியில் எம் மாமன் கையில் இருந்த கொள்ளியை நாம் அஞ்சாததும், பின்னாளில் முகமறியாதவர் வைத்த தீக்கு அஞ்சியதும் இதனாலேயே.

'நாம்' என்று வாயால் சொன்னால் போதுமா என்பது அடுத்த வினா. போதாது. சிங்கப்பூரில் முன்னொரு காலத்தில் வீட்டுக்கு வீடு வெடி கொளுத்தினர். 1970 ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டில் அதனால் தீவிபத்துக்கள் நேர்ந்து உயிர்கள் பலியாயின. முதலில் கட்டுப்பாடு வந்தது. 1972 இல் தனியார் வெடி கொளுத்துவது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. தீபாவளிக்கும் அச்சட்டம் ஒன்றே. பழைய வழக்கத்தை விட்டுக்கொடுப்பது எல்லா இனத்தார்க்கும் கசப்பாகவே இருந்திருக்கும். ஆயினும் அனைவரும் விட்டுக்கொடுத்ததனால், ஆண்டுக்கு ஒருமுறை அனைவர்க்கும் பொதுவான வானத்தில் பொதுவான வாணம் எழுகின்றது. கட்டுப்பாடு மிகுந்த நாடு அது என்று குறைகூறுவோரும் உளர். அதனை நாம் மறுக்கவில்லை. பிறர் காதும் நம் காதே என்று எண்ணுவதில்தான் அந்தக் கட்டுப்பாட்டின் நற்பகுதி இருக்கின்றது.

எம் நாட்டிலும் அச்சொல் ஒலித்த நாள் உண்டு. 2016 பெப்ரவரி 4 ஆம் நாள், கொழும்புக் காலிமுகத்திடலில் நடைபெற்ற சுதந்திர தின விழாவில், பண்டிதர் மு. நல்லதம்பி மொழிபெயர்த்த தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. எம் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அயலார் பலர் கூடியிருந்தனர். பாட்டு முடியும்வரை ஒருவரும் பேசவில்லை. அதன்பின் அவ்வாறு பாடப்பட்ட ஆண்டும் உண்டு, பாடப்படாத ஆண்டும் உண்டு. பெரிய விழாக்களில் யாரை 'நாம்' என்று சேர்ப்பது என்பதைப் பெரியோர் தீர்மானிக்கட்டும். சிறிய விழாக்கள் நம் கையில் உள்ளன.

களுதாவளையிலும் அயலூர்களிலும் இளைஞர்கள் முன்னரிலும் பெரிய வாணங்களைக் கோயிலுக்குக் கொண்டுவருகின்றனர். மகிழ்ச்சியே. அவர்களுள் பலர் போர் முடிந்தபின் வளர்ந்தவர்கள், அச்சமறியாதவர்கள். அவர்கள் அப்படி வளர வேண்டும் என்றுதானே நாம் அனைவரும் இருட்டில் எண்ணிக்கொண்டு கிடந்தோம்! அவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. வாணம் விடுமுன் அயல்வீடுகளுக்கு ஒரு சொல் சொல்லியனுப்புங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், நோயாளி உள்ள வீட்டுக்கும், மகனையோ கணவனையோ வெடியில் இழந்த தாய்மார் உள்ள வீட்டுக்கும் தவறாமல் சொல்லுங்கள். முதலில் ஒலியில்லாத பூவாணத்தை ஏற்றுங்கள். ஊர் நிமிர்ந்து பார்க்கட்டும். பின்னர் ஓசையுள்ளதை விடுங்கள். திரியில் தீ வைக்குமுன், எம் மாமன் செய்ததுபோல், நான்கு முறை குரல் கொடுங்கள்.

சிங்கப்பூர் மூதாட்டியின் கணக்குப்படி, அச்சம் நீங்க மூன்று தலைமுறை செல்லும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "பெத்தா, இப்ப வெடி விடப்போறம், பயப்படாதீங்க" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டு ஓடுமாயின், அக்கணக்கு ஒரு தலைமுறையேனும் குறையும் என்பது எம் நம்பிக்கை.